புதுப்பிப்பு: லைசென்ஸ் காலாவதி என்றால் இழப்பீடு கிடையாதா?

மாமாவின் பைக்கில் மினி லாரி மோதியதையும், லாரி டிரைவரின் லைசென்ஸ் காலாவதி என்று இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்ததையும் முன்பு எழுதியிருந்தேன். தீர்ப்பாயம் உத்தரவு போட்டுவிட்டது. இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் மாமாவுக்குப் பணத்தைக் கட்ட வேண்டும். அப்புறம் லாரி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழிதான். அவர்களுக்குள் உள்ள தகராறு தீரும்வரை அடிபட்டவர் ஏன் காத்திருக்க வேண்டும்?

மாமா ஹெல்மெட் போடவில்லை என்றும் வாதாடினார்கள். முறிந்ததோ கால், தலையில் கீறல்கூட இல்லை. வாதம் எடுபடவில்லை. (அத்தையிடம் வாங்கிய திட்டு தனி.)

இடித்த வண்டியே தெரியாவிட்டால் என்று கேட்டவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆம் பிரிவில் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். குறைவுதான்.

மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு. பணம் இன்னும் வரவில்லை.