மெனியர் நோய்: உப்பையும் காபியையும் விட்டால் தலைசுற்றல் நிற்குமா?

வைகைக்கரை:
மூன்று வருடமாக எனக்கு மெனியர் என்ற உட்காது நோய். இடது காது அடைத்து இரையும். பிறகு அறையே சுழலும். வாந்தியோடு இரண்டு மணி நேரம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, காபி எல்லாவற்றையும் நிறுத்தினேன். எட்டு மாதமாகச் சுற்றலே இல்லை. இந்த நோய் உள்ளவர்கள் இன்றே காபியை விடுங்கள்.

திண்ணைவாசி:
நீங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி அண்ணா. ஆனால் இதை எல்லோருக்கும் விதியாக்காதீர்கள். இந்த நோய் தானாகவே மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் பத்தியம் தொடங்குகிறோம்; பிறகு அடங்கினால் பெயர் பத்தியத்துக்குப் போய்விடுகிறது. உப்பு, காபீன், மது மூன்றையும் குறைப்பது பற்றி 2018இல் வந்த, மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்புக்குத் தகுதியான சமவாய்ப்புச் சோதனை (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடுவது) ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

வைகைக்கரை:
சோதனை நடக்கவில்லை என்பதும் பலனில்லை என்பதும் ஒன்றா சகோதரி? இந்நோய் இருந்து, இறந்துபோனவர்களின் காது எலும்பை 1938இல் ஹால்பைக், கெய்ர்ன்ஸ் என்ற மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். உட்காதின் உள்ளறைகளில் இருக்கும் அகநிணநீர் என்ற திரவம் பெருகி, அந்த அறைகள் உப்பியிருந்தன. உப்பு உடம்பில் நீரைத் தேக்குகிறது. குறைத்துப் பார்ப்பதில் என்ன நட்டம்?

திண்ணைவாசி:
அந்த நீரில் பொட்டாசியம்தான் மிகுதி, சோடியம் மிகக் குறைவு. தட்டில் போட்ட உப்பு நேரே காதுக்குப் போவதில்லை. நட்டம் என்ன என்று கேட்டீர்கள். என் அம்மாவுக்கும் இதே நோய். ஒவ்வொரு முறை விழும்போதும் வீட்டில் முதல் கேள்வி, "ஊறுகாய் தின்றாயா?" தின்னாத நாளிலும் விழுகிறார். இப்போது கல்யாண வீடுகளுக்கே போவதில்லை. பந்தியில் எல்லோரும் தன் இலையைப் பார்க்கிறார்கள் என்கிறார். அந்தக் குற்றவுணர்ச்சி நட்டமில்லையா?

மலைச்சாரல்:
எனக்கு ஒற்றைத் தலைவலியும் உண்டு. காபியை ஒரே நாளில் நிறுத்தி மூன்று நாள் மண்டை பிளந்தது. விடுவதென்றால் படிப்படியாக விடுங்கள்.

வைகைக்கரை:
"இன்றே" என்றது தவறுதான். ஆனால் நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்லி உலகச் சுகாதார நிறுவனமே பெரியவர்கள் எல்லோருக்கும் அறிவுறுத்துகிறது. அதைக்கூடச் செய்யாமல் மாத்திரையை மட்டும் நம்புவதா?

திண்ணைவாசி:
அந்த அளவில் எனக்குச் சண்டையில்லை. காலை ஒரு டம்ளர் காபியைப் பறிப்பதில்தான் சண்டை.

வைகைக்கரை:
உங்கள் அம்மாவிடம் கேட்ட அதே கேள்வியை நானும் போன வாரம் ஒரு நண்பரிடம் கேட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். காபியை மட்டும் நான் தொடமாட்டேன். மீண்டும் அந்தக் கட்டிலில் கிடக்க எனக்குத் துணிவில்லை.