சேஃப் மோடில் ஸ்கேன் போட்டா வைரஸ் தூங்குமாம்!

நீலத்திரை:
லேப்டாப்பில் விளம்பரமா கொட்டுதுன்னு ஒரு தம்பி பக்கத்து இழையில் கேட்டிருந்தார். அதுக்கு சர்வீஸ் செந்தில் அண்ணனின் அருள்வாக்கு: "சேஃப் மோடில் ரன் கீ எதுவும் ஓடாது. வைரஸ் தூங்கிட்டு இருக்கும். அப்ப ஸ்கேன் போட்டு மொத்தமா அள்ளிரலாம்." இதுக்குக் கைதட்டல் வேற. (புதுசா வர்றவங்களுக்கு: சேஃப் மோடுன்னா அடிப்படை டிரைவர், சர்வீஸை மட்டும் ஏத்திக்கிட்டு விண்டோஸ் எழும் மோடு. ரன் கீன்னா லாகின் ஆகும்போதெல்லாம் எதைத் தானா ஓட்டணும்னு விண்டோஸ் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் உள்ள பட்டியல்.) ஒரே ஒரு தடவை மட்டும் ஓட்டுற ரன்ஒன்ஸ் கீயில் பேருக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி வெச்சா சேஃப் மோடிலும் ஓடும். மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே இருக்கு. எக்ஸ்பி காலத்து மந்திரத்தை இன்னும் எத்தனை நாளைக்கு ஓதுவீங்க?

சர்வீஸ் செந்தில்:
வாங்க சார். ரெஜிஸ்ட்ரி கிளீனர் இழையில் வாங்கினது ஆறிடுச்சு போல. நான் எழுதினது ரன் கீ. நீங்க பேசுறது ரன்ஒன்ஸ். ரெண்டும் வேற வேற. கண்ணாடி போட்டுட்டு இன்னொரு தடவை படிங்க.

நீலத்திரை:
"எதுவும் ஓடாது, வைரஸ் தூங்கும்"னு எழுதினது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா? நட்சத்திரம் வெச்சா ஓடுமா, ஓடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்க.

சர்வீஸ் செந்தில்:
ஒரே வார்த்தை: ரன்.

கீதா_எம்:
முதல்ல வைரஸ்னு எதைச் சொல்றீங்கன்னு தெளிவுபடுத்தினா நல்லா இருக்கும். விளம்பரம் காட்டுற ஆட்வேரா, சிஸ்டத்துக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கிற ரூட்கிட்டா, ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேரா? சேஃப் மோடுன்னா வெறும் சேஃப் மோடா, நெட்வொர்க்கிங்கோட வர்றதா? அந்தத் தம்பிக்கு விளம்பரம்தான் பிரச்சினைன்னா முதல்ல பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் பார்க்கச் சொல்லணும்.

சர்வீஸ் செந்தில்:
அதெல்லாம் அப்புறம்மா. இவர் நட்சத்திரத்தை முதல்ல முடிப்போம்.

தம்பி நீலத்திரை, 2012 வாக்கில் ரிவெட்டான் வந்ததே, ஞாபகம் இருக்கா? போலீஸ் முத்திரையோட திரை முழுக்க அடைச்சுக்கிட்டு அபராதம் கட்டுன்னு மிரட்டும். சாதாரணமா பூட் பண்ணினா மவுஸைக்கூட நகர்த்த விடாது. அதை எதுல போய் எடுத்தோம்? சேஃப் மோட் வித் கமாண்ட் பிராம்ப்ட், டெஸ்க்டாப் வராம கட்டளை தட்டுற திரை மட்டும் வர்ற மோடு. ஓடிக்கிட்டிருக்கிற ஃபைலை விண்டோஸ் அழிக்க விடாது, ஓடாத ஃபைலை அழிக்கலாம். இந்த அடிப்படை புரியாதவங்க எல்லாம் ஆவணத்தைத் தூக்கிட்டு வந்தா என்ன பண்றது?

நீலத்திரை:
அதே திரைப்பூட்டு ரகத்தில் சிலது, லாகினைப் பார்த்துக்கிற வின்லாகனில், எந்த டெஸ்க்டாப் எழணும்னு சொல்ற ஷெல் மதிப்பையே மாத்தி வெச்சிருக்கும். எக்ஸ்ப்ளோரருக்குப் பதிலா அதுவே எழுந்து நிக்கும், சாதாரண சேஃப் மோடிலும். நீங்க கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு ஓடினதே அதனாலதானே அண்ணே? டிடிஎல்4 ரூட்கிட் வந்தப்ப என்ன பண்ணீங்க? அது டிஸ்கின் முதல் செக்டாரான எம்பிஆரில் உட்கார்ந்திருந்தது. விண்டோஸ் எந்த மோடுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடியே அது எழுந்துடும். சாலிட்டி வைரஸ் இன்னும் மோசம், சேஃப் மோடில் எதெல்லாம் ஏறணும்னு ரெஜிஸ்ட்ரியில் சொல்ற சேஃப்பூட் கீயையே அழிச்சிடும். சேஃப் மோடுக்குப் போனாலே நீலத்திரைதான் (நான் இல்ல).

சர்வீஸ் செந்தில்:
ஹா ஹா! சாலிட்டி எதுக்கு அந்தக் கீயை அழிக்குது? சேஃப் மோடுக்குப் பயந்துதானே? திருடன் பூட்டை உடைக்கிறான்னா பூட்டு வேலை செய்யுதுன்னு அர்த்தம். என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க, நன்றி. ஆமா, இதுல நட்சத்திரம் எங்கே?

இரவுக்கழுகு:
பாப்கார்னோட உட்கார்ந்திருக்கேன். அப்படியே அந்த இழையில் சேஃப் மோடுக்கு எஃப்8 அமுக்கிப் போகச் சொன்னாரே அண்ணன், அதையும் கேளுங்க. விண்டோஸ் 8லேயே அது போயிடுச்சு. இப்ப ஷிஃப்ட் அமுக்கிட்டு ரீஸ்டார்ட்.

சர்வீஸ் செந்தில்:
போகலை தம்பி, அணைச்சு வெச்சிருக்காங்க. பூட் அமைப்பை மாத்துற பிசிடிஎடிட் கட்டளையில் பூட்மெனுபாலிசியை லெகசின்னு மாத்தினா எஃப்8 வேலை செய்யும். நான் கைவைக்கிற மெஷின்ல எல்லாம் அதைத்தான் முதல்ல பண்ணுவேன். தெரியாததை எல்லாம் போயிடுச்சுன்னு சொல்லிடறது.

நீலத்திரை:
பேச்சை மாத்தாதீங்க. பயந்து அழிக்குதா? சரி, ஸ்நாட்ச் ரான்சம்வேரை எடுத்துக்குவோம். 2019 டிசம்பரில் சோஃபோஸ் விவரமா எழுதினாங்க. அது சூப்பர்பேக்கப்மேன்னு ஒரு சர்வீஸாத் தன்னைப் பதிஞ்சுக்கிட்டு, சேஃப்பூட் மினிமல் பட்டியலிலும் பேரைச் சேர்த்துட்டு, கணினியைத் தானே சேஃப் மோடுக்குக் கூட்டிட்டுப் போகும். எதுக்கு? அங்கே ஆன்டிவைரஸ் பெரும்பாலும் எழுந்திருக்காது. நிம்மதியா உட்கார்ந்து ஃபைலை எல்லாம் என்கிரிப்ட் பண்ணும். பயந்தவன் பண்ற வேலையா இது? உங்க சேஃப் மோடில் தூங்குறது வைரஸ் இல்ல, காவல்காரன்.

சர்வீஸ் செந்தில்:
அது சர்வீஸ். ரன் கீ இல்ல, நட்சத்திரமும் இல்ல. தலைப்பை விட்டு ஓடுறது யாருன்னு எல்லாரும் பாருங்க.

நீலத்திரை:
நட்சத்திரம்தானே வேணும்? ஆர்ஈவில் ரான்சம்வேர், 2021. ஸ்மோடுன்னு புது ஸ்விட்ச். நெட்வொர்க்கிங்கோட சேஃப் மோடுக்கு மாத்திட்டு, ரன்ஒன்ஸில் நட்சத்திரம் வெச்சு எழுதிட்டுப் போச்சு. போதுமா?

சர்வீஸ் செந்தில்:
ரன்ஒன்ஸ். மறுபடியும் ரன்ஒன்ஸ். நான் சொன்னது?

கீதா_எம்:
ரெண்டு பேரும் ரான்சம்வேருக்குப் போயிட்டீங்க. என்கிரிப்ட் ஆன பிறகு எந்த மோடில் ஸ்கேன் போட்டாலும் ஃபைல் திரும்பி வராது. அந்தத் தம்பிக்கு வந்தது ஆட்வேர்.

இரவுக்கழுகு:
எதுக்கு இவ்வளவு பாடு? விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் விண்டோஸ் 10லேயே இருக்கே. வெளியே தனியா பூட் ஆகி, கால் மணி நேரத்தில் முடிச்சிடும். விண்டோஸே ஓடாதப்ப நட்சத்திரமாவது நிலாவாவது. மால்வேர்பைட்ஸ்காரங்களும் சாதாரண மோடில் ஸ்கேன் போடுங்கன்னுதான் சொல்வாங்க, அவங்க டிரைவர் அங்கதான் முழுசா ஏறும்.

சர்வீஸ் செந்தில்:
ஸ்கேனர் விற்கிறவன் அவன் வசதிக்குச் சொல்வான். களத்தில் இருக்கிறவன் பேச்சைக் கேளுங்க. 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட்டில் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின் படுத்துச்சே. விமானம் நின்னுச்சு, ஆஸ்பத்திரி நின்னுச்சு. எதுல போய் அந்த ஃபைலை அழிச்சு எழுப்பினாங்க? சேஃப் மோட்! அன்னிக்கு உங்க நட்சத்திரம் எங்கே போச்சு?

நீலத்திரை:
அண்ணே, அது வைரஸே இல்ல! பாதுகாப்பு மென்பொருளின் சொந்த அப்டேட்! வைரஸ் ஸ்கேனுக்கு இதுவா உதாரணம்? அதுலயும் டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட கீ கையில் இல்லாதவங்க சேஃப் மோட் வாசலிலேயே நின்னாங்க.

சர்வீஸ் செந்தில்:
பிட்லாக்கர் கீயை எழுதி வெச்சுக்காதது யார் தப்பு? போன வருஷம் பார்ட்டிஷன் இழையிலும் இதே மாதிரிதான், ஒருத்தரை சி டிரைவை ஃபார்மட் பண்ண வெச்சுட்டு "பேக்கப் எடுக்கச் சொன்னேனே"ன்னு நழுவினீங்க.

நீலத்திரை:
சொன்னேன்! இரண்டாம் பதிவிலேயே சொன்னேன், இன்னும் அங்கேதான் இருக்கு. நீங்க முதல் பதிவோட நிறுத்திட்டு மைக் பிடிக்கிற ஆளு.

சர்வீஸ் செந்தில்:
இரண்டாம் பதிவை அப்புறமா திருத்தி எழுதினது எல்லாருக்கும் தெரியும். "திருத்தப்பட்டது"ன்னு கீழே சின்ன எழுத்தில் இருக்கு, போய்ப் பாருங்க.

நீலத்திரை:
எழுத்துப் பிழை திருத்தினேன்!

சர்வீஸ் செந்தில்:
பிழை திருத்தினா ஒரு பத்தி கூடுமா? அதுக்குப் பதில் சொல்லுங்க. ரன் கீயும் ரன்ஒன்ஸும் ஒண்ணான்னு கேட்டதுக்கும் இன்னும் பதில் வரலை.