பிடிஆரில் ‘நிலம்’ என்று இருந்தால்: சித்தூர் தாலுகா பக்கம் வீட்டு பெர்மிட்

(ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது அதைச் சொல்கிறவரின் ஊர்.)

வேலந்தாவளம்:
பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் வீடு கட்டப் போகிறவர்கள் பிளான் வரையக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வில்லேஜ் ஆபீசில் பிடிஆரில், அதாவது அடிப்படை வரிப் பதிவேட்டில், உங்கள் சர்வே நம்பருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நமக்கு எல்லா மண்ணும் நிலம்தான். கேரள ரெவின்யூ கணக்கில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீடு கட்டுகிற மேட்டு மண்ணுக்கு அங்கே பெயர் ‘புரயிடம்’. ஆதாரத்தில், அதாவது கிரயப் பத்திரத்தில், ‘நிலம் 12 சென்ட்’ என்று படித்துவிட்டு எதுவும் தோன்றாமல் அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தென்னை காய்த்து நிற்கிறது, இருபது வருஷமாய் ஏர் இறங்கவில்லை என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், கணக்குக்குத் தெரியாது.

கொழிஞ்சாம்பாறை:
அதோடு டேட்டா பேங்கையும் பார்க்க வேண்டும். 2008-ஆம் வருஷ நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரித்த நெல்வயல் பட்டியல் அது. கிருஷி பவனில், அதாவது வேளாண்மை ஆபீசில், கேட்டால் சொல்வார்கள். இரண்டு விதமாக வரும்.

பிடிஆரில் நிலம், டேட்டா பேங்கிலும் பெயர் உண்டு என்றால் முதலில் 5-ஆம் நம்பர் ஃபாரம். சட்டம் அமலுக்கு வந்த 2008 ஆகஸ்ட் 12-க்கு முன்பே அது வயலாக இல்லை என்று காட்ட வேண்டும். கிருஷி ஆபீசர் ரிப்போர்ட் அதற்கு முக்கியம், சந்தேகம் இருந்தால் செயற்கைக்கோள் படமும் கேட்பார்கள். பட்டியலிலிருந்து நீக்கிய பிறகுதான் 6-ஆம் நம்பர் ஃபாரம், அதாவது தரம் மாற்றம் (பிடிஆரில் ‘நிலம்’ என்ற வகையை மாற்றுவது). 50 சென்ட்டுக்கு மேலே போனால் 7-ஆம் நம்பர். டேட்டா பேங்கில் பெயர் இருக்கும்போதே நேரே 6 போடுகிறார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து கையில் கிடைப்பது நிராகரிப்புக் கடிதம். இங்கே நடக்கிற தவறுகளில் பாதி இதுதான்.

டேட்டா பேங்கில் பெயர் இல்லை என்றால் நேரடியாக 6. 25 சென்ட் வரை கட்டணம் இல்லை. ஆனால் 2017 டிசம்பர் 30-ஆம் தேதி அந்த இடம் எவ்வளவு இருந்தது என்றுதான் கணக்கெடுப்பார்கள், அதற்குப் பிறகு துண்டு போட்டு வாங்கிய 10 சென்ட்டுக்கு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

எருத்தேம்பதி:
டேட்டா பேங்கில் இல்லாத இடத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரியவில்லை. பஞ்சாயத்தில் 4.04 ஆர், அதாவது 10 சென்ட் வரையுள்ள இடத்தில் 120 சதுர மீட்டருக்குள் வீடு கட்ட தரம் மாற்றமே தேவையில்லை. 120 என்பது சுமார் 1,290 சதுர அடி. சிட்அவுட், மாடிப்படி எல்லாம் சேர்த்து 1,350 அடி போட்டு பிளான் கொண்டுவந்தால் இந்த வழி மூடிவிடும். எஞ்சினியரிடம் முதலிலேயே 118 சதுர மீட்டருக்குள் நிறுத்தச் சொல்லுங்கள்.

கோவிந்தாபுரம்:
பொள்ளாச்சி எஞ்சினியரிடம் பிளான் வரைந்து கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேரளத்தில் லைசென்ஸ் பதிவு செய்தவர் கையெழுத்து இல்லாமல் கே-ஸ்மார்ட்டில், அதாவது பெர்மிட்டுக்கான ஆன்லைன் தளத்தில், விண்ணப்பமே ஏறாது. கேரளப் பஞ்சாயத்து கட்டட விதிகள் 2019-இல் வந்தவை. தமிழ்நாட்டு அளவுகளை அப்படியே வைத்து வரைந்தால் கே-ஸ்மார்ட்டே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிவிடும். பட்டா, சிட்டா என்றும் கேட்காதீர்கள். இங்கே கேட்பது ஆதாரம், போக்குவரவு (ரெவின்யூ கணக்கில் பெயர் மாற்றம்) முடிந்த தண்டப்பேர் (ரெவின்யூ கணக்கு நம்பர்), நடப்பு வருஷக் கரம் ரசீது (வரி ரசீது), கைவசச் சான்று (இடம் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்ற சான்று). கேரளத்தில் ‘பட்டயம்’ என்றால் அது வேறு சமாச்சாரம், அரசு ஒதுக்கிக் கொடுத்த இடத்துக்கான உரிமைப் பத்திரம்.

பெயரையும் சரிபாருங்கள். தமிழில் எழுதின பழைய ஆதாரத்தில் இனிஷியல் முன்னால் இருக்கும், மலையாளத் தண்டப்பேரில் பின்னால் போயிருக்கும், ஆதார் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று சான்று வாங்க வில்லேஜ் ஆபீசுக்கு இன்னொரு நடை ஆகும்.

கொழிஞ்சாம்பாறை:
அளவைச் சேர்த்துச் சொல்கிறேன். ஆதாரத்தில் சென்ட், கரம் ரசீதில் ஆர். 1 ஆர் என்பது 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். ஆதாரத்தில் 5 சென்ட் இருக்கும், ரசீதில் 1.94 ஆர் இருக்கும், கணக்குப் போட்டால் 4.8 சென்ட்தான். குறைந்ததை வைத்தே பிளான் வரையுங்கள். பெரியதை வைத்தால் பக்க இடைவெளி எங்காவது இடிக்கும்.

வேலந்தாவளம்:
அதிகம் தட்டுகிற இடம் கிணறு. கழிவுநீர்க் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். உங்கள் கிணறு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கில் சேரும். 5 சென்ட் மனையில் நாலு பக்கமும் கிணறு இருந்தால் குழிக்கு இடமே கிடைக்காது. மனை வாங்கும் முன் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். நோட்டிஃபை செய்த, அதாவது அரசு முறைப்படி அறிவித்த, ரோடு என்றால் எல்லையிலிருந்து 3 மீட்டர் விட வேண்டும், மதில் அதற்குள் வரலாம். மேலே 11 கே.வி. லைன் போனால் மாடிச் சுவர் கிடைமட்டமாக 1.2 மீட்டர் விலகி இருக்க வேண்டும்.

எருத்தேம்பதி:
பெர்மிட் கட்டணம் எவ்வளவு என்று சிலர் கேட்டிருந்தார்கள். 2023-இல் ஏற்றி, 2024 ஆகஸ்டில் குறைத்தார்கள். பஞ்சாயத்தில் 81 முதல் 150 சதுர மீட்டர் வரை மீட்டருக்கு 25 ரூபாய், 300 வரை 50, அதற்கு மேல் 100. 1,200 சதுர அடி வீடு 111.5 சதுர மீட்டர், சுமார் 2,790 ரூபாய். சித்தூர்–தத்தமங்கலம் நகரசபைக்குள் என்றால் அதே வீட்டுக்கு மீட்டருக்கு 35. செலவு குறிப்பிட்ட வரம்புக்கு மேலே போனால் தொழிலாளர் செஸ் தனி.

300 சதுர மீட்டருக்குள் இரண்டு தளம் வரை சுய சாட்சியத்தில், அதாவது விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நீங்களே எழுதிக் கொடுப்பதில், பெர்மிட் உடனே கிடைக்கும், யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். அதனால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. பொறுப்பு உங்கள் கையெழுத்திலும் லைசென்ஸி, அதாவது பிளான் போட்ட லைசென்ஸ்காரர், கையெழுத்திலும் இருக்கிறது. நடுவே ஒரு ரூம் கூட்டினால் திருத்திய பிளான் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் கட்டட நம்பர் நிற்கும், கரண்டை கட்டுமான ரேட்டிலிருந்து மாற்றுவதும் சிக்கலாகலாம்.

மறையூர்:
இடுக்கி பக்கம் இதெல்லாம் பாதிதான். தேவிகுளம் தாலுகாவில் பள்ளிவாசல், சின்னக்கானல், கண்ணன் தேவன் மலை மாதிரி வில்லேஜ்களில் ரெவின்யூ என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) இல்லாமல் பஞ்சாயத்து ஃபைலையே தொடாது. பட்டயம் விவசாயத்துக்கும் வீட்டுக்கும் கொடுத்தது என்றால், அதில் லாட்ஜ் பிளான் கொண்டுபோனால் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான். பட்டயத்தின் பின்பக்க நிபந்தனைகளை முதலில் படியுங்கள்.