பாஸ்கா திரி வளையுது, நடுவில் குழி விழுது: வழி சொல்லுங்க

இயேசுவுக்கே புகழ்! ஆரணி பக்கம் சின்னப் பங்கு, தகரக் கூரைக் கோவில். சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. பாஸ்கா திரி, அதாவது உயிர்ப்புப் பெருவிழா இரவில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தி, மூன்றடி உயரம், மூன்று அங்குலக் கனம், முழுக்க பாரஃபின் மெழுகு. பாஸ்கா இரவிலிருந்து பெந்தக்கோஸ்தே வரை 50 நாளும் பீடத்தருகே நிற்கணும். அப்புறம் வருஷம் முழுக்கத் திருமுழுக்குக்கும் அடக்கத் திருப்பலிக்கும் வேணும்.

மதிய வெக்கையில் மெழுகு தளர்ந்து இடுப்பில் வளையுது, மெழுகில் குத்தியிருக்கும் சாம்பிராணி ஆணிகளைச் சுற்றி விரிசல் விடுது. அதைவிடப் பெரிய தொல்லை குழி. வாரநாள் பூசை அரை மணிதான். அதற்குள் மெழுகு விளிம்பு வரை உருகாது. நடுவில் எரியும் நூலைச் சுற்றி மட்டும் கிணறு மாதிரி இறங்கும். கடைசியில் நூல் மெழுகிலேயே முங்கி, அல்லேலூயா பாடும்போது அணையும். ஃபேன் காற்றில் சுடர் சாய்ந்தால் அந்தப் பக்கச் சுவர் உடைந்து வழியும். (ஃபேனை நிறுத்தச் சொன்னால் பெரியவங்க விடுவாங்களா?)

நூலைக் கால் அங்குலமா வெட்டுறோம். அணைத்ததும் இளஞ்சூட்டிலேயே விளிம்பை உள்பக்கம் அழுத்துறோம். தலையில் பித்தளை வளையமும் உண்டு. எண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் திரியைச் சொல்லாதீங்க. மெழுகில்தான் இருக்கணும், செயற்கை கூடாது, ஆண்டுதோறும் புதுசு வேணும்னு 1988 ரோமைச் சுற்றறிக்கையிலேயே இருக்கு.

தேன்மெழுகு எந்த அளவு கலந்தால் நம்ம வெயிலைத் தாங்கும்? இந்தக் கனத்துக்கு எத்தனை இழை நூல்? பழைய திரியின் மிச்சத்தை உருக்கிச் சேர்க்கலாமா? வேலூர், காட்பாடி பக்கம் வார்த்துத் தருபவர் இருந்தால் சொல்லுங்க. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குள் ஆர்டர் கொடுக்கணும்.