மறுமொழி: ‘சேக்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: ‘பதிமானம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மலைவண்டி (மவுண்டன் பைக்) ஓட்டுவதற்கான கையேட்டில் மற்ற சொற்களெல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டன. ‘சேக்’ (sag) ஒன்றுதான் இழுத்துக்கொண்டே போகிறது. ஆள் ஏறி உட்கார்ந்ததும் அந்த எடையில் வண்டியின் ஷாக் (அதிர்வு தாங்கி) கொஞ்சம் இறங்கி நிற்கிறதே, அதுதான் சேக். ஒவ்வொருவர் சொன்னதற்கும் என் பதில் கீழே.

> ‘சேக்’ என்றே எழுதிவிடலாமே. பட்டறையில் அப்படித்தானே சொல்கிறார்கள்?

சொல்லலாம். ஆனால் கீழக்கரைக் கடைத்தெருவில் ‘சேக்’ என்று சத்தம் கொடுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எழுத்தில் பார்த்தால் ‘ஷேக்’ என்று படித்து, வண்டி ஆட்டம் காண்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு.

> ‘தொய்வு’ போதும். மின்கம்பிக்கும் அதே சொல்தானே?

ஐயா, மின்கம்பிக்குச் சரி. வண்டிக்கு வந்தால், தொய்வு என்றதுமே ஏதோ தளர்ந்துவிட்டது, இறுக்க வேண்டும் என்றுதான் கை ஸ்பேனரைத் தேடும். போதாததற்கு யாழ்ப்பாணத்து அக்கா சொன்னதுபோல அங்கே தொய்வு என்றால் ஆஸ்துமா. ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியில், அதாவது முன்னும் பின்னும் ஷாக் உள்ள வண்டியில், ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் கொஞ்சம் இறங்கி நிற்பது பழுதே அல்ல. இறங்க வேண்டும் என்றே அளந்து காற்று வைக்கிறோம். மேடு வந்தால் சக்கரம் மேலே போக இடம் வேண்டும். பள்ளம் வந்தால் கீழே இறங்கித் தரையை விடாமல் பிடிக்கவும் இடம் வேண்டும். வெறும் வண்டியில் ஷாக் முழுக்க நீண்டு நிற்கிறது, கீழ்ப்பக்கம் இடமே இல்லை. ஆள் எடையில் சற்று இறங்கினால்தான் அது கிடைக்கிறது.

> ‘அமிழ்வு’? பாரம் ஏற்றிய வள்ளம் தண்ணீரில் அமிழ்ந்து நிற்பதுபோல.

எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் நம் கடற்கரையில் இது ஓடாது. அரியமானிலோ பழைய தனுஷ்கோடிப் பக்கமோ வண்டியை இறக்கிப் பாருங்கள். ஈரம் காயாத அலையோரத்தில் சக்கரம் சரசரவென்று உருளும். நாலடி மேலே ஏறிப் பொடிமணலுக்குள் போனால் முன்சக்கரம் மூக்கைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். அந்த இடத்தில் ‘அமிழ்வைக் கூட்டு’ என்று ஒருவர் கத்தினால், கேட்கிறவன் மணலைப் பார்ப்பானா, ஷாக்கைப் பார்ப்பானா? ‘புதைவு’ என்பதற்கும் இதே தடைதான்.

அதனால் என் பரிந்துரை ‘பதிமானம்’. லோடு ஏற்றினால் வண்டி பதியும் என்பது லாரிக்காரர்கள் பேச்சு. அதில் குறை சொல்லும் தொனி இல்லை, எடைக்கு ஏற்ற இறக்கம், அவ்வளவுதான். பிடிமானம், சேர்மானம், கட்டுமானம் என்ற வரிசையில் காதுக்கும் உறுத்தாது. ‘பதிவு’ என்று விட்டால் பத்திரப்பதிவு ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். மணலில் டயர்த் தடமும் பதியும்தானே என்று கேட்பீர்கள். பதியும். ஆனால் அதைத் தடம் என்போமே தவிரப் பதிமானம் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று ஒருவர் சலித்துக்கொண்டார். ஓட்டும் முறையே இந்த ஒரு சொல்லில்தான் மாட்டியிருக்கிறது, அதனால்தான். நம் பக்கத்துப் பிள்ளைகள் சாதா சைக்கிளில் பழகியவர்கள். குழி வந்தால் சீட்டை விட்டு எழுந்து முழங்காலில் அடியை வாங்கிக்கொள்வார்கள். ஏற்றத்திலும் மணலிலும் எழுந்து நின்று மிதிப்பார்கள். பின்னால் ஷாக் உள்ள வண்டியில் அப்படி நின்று மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் வண்டி குந்திக் குந்தி எழும். காலில் உள்ள பலத்தில் ஒரு பங்கு ஷாக்கை அமுக்குவதிலேயே போய்விடும். உட்கார்ந்தபடி, ஒரு கியர் இறக்கி, கால் வட்டமாகச் சுற்றுகிற மாதிரி மிதிக்க வேண்டும். சின்னக் குழிகளுக்கு எழவே தேவையில்லை, பின்சக்கரம் தானாக இறங்கி ஏறிக்கொள்ளும். பொடிமணலில் எடை சற்றுப் பின்னால் இருக்கட்டும், ஹேண்டில்பாரை வெடுக்கென்று திருப்பக் கூடாது.

பெரிய கல், படிபோன்ற இறக்கம் வந்தால் எழத்தான் வேண்டும். ஆனால் கால் விறைக்கக் கூடாது. வண்டியைத் துள்ளவைப்பதிலும் வித்தியாசம் உண்டு. பழைய வண்டியில் அமுக்கிய உடனே தூக்கலாம். இதில் முதலில் அமுக்குவதை ஷாக் விழுங்கிவிடும். இன்னும் ஆழமாக அமுக்கி, அது திரும்பி எழும் நொடியோடு சேர்ந்து எழ வேண்டும். அவசரப்பட்டால் முன்சக்கரம் மட்டும் வரும், பின்சக்கரம் கல்லில் மோதும்.

இன்னொன்று, பதிமானம் கூடினால் பெடலும் தரைக்கு நெருங்கிவிடும். சாயல்குடிப் பக்கம் பனங்காட்டு ஒற்றையடிப் பாதையில் வேரும் கட்டைகளும் குறுக்கே கிடக்கும். அங்கே மிதித்துக்கொண்டே போனால் பெடல் தட்டி ஆளைத் தள்ளிவிடும். கட்டைக்கு முன்னால் மிதிப்பதை நிறுத்தி, இரண்டு பெடலையும் சமமட்டத்தில் வைத்துத் தாண்ட வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் தார்ச்சாலையில் இது எதுவும் வேண்டாம். ஷாக்கைப் பூட்டிவிட்டு எதிர்காற்றோடு மல்லுக்கட்டலாம். மணலில் இறங்குமுன் பூட்டைத் திறக்க மறக்காமல் இருந்தால் சரி.

கையேட்டில் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்:

பதிமானம்: ஓட்டுநர் தன் வழக்கமான பை, தண்ணீர்ப் பாட்டிலோடு வண்டியில் அமரும்போது ஷாக் இறங்கி நிற்கும் அளவு. ஷாக் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தைச் சீல் (தண்டு உள்ளே நுழையும் வாய்) வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் ஏறி அமர்ந்து, குலுக்காமல் இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை அளக்க வேண்டும். தண்டின் முழு ஓட்டம் 50 மி.மீ., வளையம் 15 மி.மீ. நகர்ந்திருந்தால் பதிமானம் 30 விழுக்காடு. பொதுவான காட்டுப்பாதை வண்டிக்குப் பின்னால் 25 முதல் 30 விழுக்காடு வரை வைப்பது வழக்கம், முன்னால் அதைவிடக் குறைவு. பதிமானம் கூடினால் காற்றை ஏற்று, குறைந்தால் இறக்கு.

வினையாக வரும்போது ‘வண்டி பதிகிறது’, ‘பதிமானம் பார்’. அந்த ரப்பர் வளையத்துக்குப் ‘பதிமான வளையம்’. மணல் ஒட்டிய வளையத்தை அப்படியே நகர்த்தினால் தண்டில் கீறல் விழும், துடைத்துவிட்டு நகர்த்தவும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். உப்புக்காற்று ஊரில் அந்தத் தண்டைத் துடைப்பதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்தது ‘ரீபவுண்ட்’, அமுங்கிய ஷாக் திரும்பி எழுவது. ‘மீட்சி’ என்று இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அது கடனிலிருந்து மீள்வதுபோல் இருக்கிறது. ‘மீள்வேகம்’ எப்படி? ஷாக்கில் உள்ள ரீபவுண்ட் திருகைத் திருப்பினால் மாறுவதும் ஷாக் திரும்பி எழும் வேகம்தானே.