எட்டோஷாவுல நாலு படம் எடுத்தா போதுமா?

கரிசல்காரன்: "நமீபியாவுல காட்டு விலங்கை யாரும் தொடமாட்டாங்க, உலகமே கத்துக்கணும்"னு நேத்து ஒரு மகான் அங்க இருக்கிற எட்டோஷா தேசியப் பூங்கா படங்களோட எழுதியிருந்தார். 2024 ஆகஸ்ட்ல வறட்சியைக் காட்டி 723 விலங்குகளைச் சுட்டு இறைச்சி கொடுக்கப் போறோம்னு அறிவிச்சது எந்த நாட்டு அரசாம்? அதுல 83 யானை!

பாலைப்பூனை: அந்த மகான் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாமே. இருபதாயிரத்துக்கு மேல யானை இருக்கிற நாட்டுல 83 ஒரு கணக்கா? 1996 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஊர்மக்களே காப்பகம் நடத்துறாங்க, 80க்கு மேல. நாட்டுல 40 சதவீதத்துக்கு மேல காக்கப்பட்ட நிலம். வடமேற்குல குனேனே பக்கம் கறுப்புக் காண்டாமிருகம் வேலியே இல்லாம அலையுது.

நொச்சி: ஊர்க் காப்பகத்துல காசு வாங்கிட்டு வேட்டைக்கும் விடுறாங்க. அதையும் 'காக்கப்பட்ட நிலம்'னு சேர்த்தா 40 வரும்தான். எதைக் காப்புங்கறோம்னு முதல்ல பேசிக்கலாமா?

கரிசல்காரன்: அதெல்லாம் அப்புறம். 83 யானை.

பாலைப்பூனை: 83ங்கிறது உச்ச அளவு. அறிவிச்ச அன்னிக்கு எல்லா இனமும் சேர்த்தே 157தான் சுட்டிருந்தாங்க. அதுல 56,000 கிலோவுக்கு மேல இறைச்சி, பசியில கிடந்த ஜனங்களுக்குப் போச்சு. உங்களுக்குப் பசின்னா தெரியுமா தம்பி?

கரிசல்காரன்: தம்பியா? உங்க பையன் வயசா எனக்கு? போன மாசம் லென்ஸ் விவகாரத்துல மூக்குடைபட்டதை இங்க வந்து தீர்க்காதீங்க. 83 யானை. 2014ல அமெரிக்காவுல டல்லாஸ் வேட்டைச் சங்கம் ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தைச் சுடுற உரிமத்தை 3,50,000 டாலருக்கு ஏலம் விட்டுச்சே, அந்த உரிமத்தைக் கொடுத்ததும் இதே நாடுதான். அதுவும் பசிக்கா?

பாலைப்பூனை: கிழட்டு ஆண். இனப்பெருக்கத்துக்கு ஆகாது, இளசுகளைக் குத்திக் கொல்லும். பணம் காண்டாமிருகக் காப்புக்குன்னுதான் ஏலமே விட்டாங்க. லென்ஸ் விஷயத்துல மூக்குடைஞ்சது யாருன்னு ஊருக்கே தெரியும்.

மலைத்தேன்: மத்தியப் பிரதேசத்துக் குனோ பூங்காவுக்கு 2022ல 8 சிவிங்கிப்புலி அனுப்பினதும் நமீபியாதான். அதைப் பத்தி யாரும் பேசலையே?

கரிசல்காரன்: அதுல சிலது செத்ததையும் சேர்த்துப் பேசுவோமா?

மலைத்தேன்: அதுக்கு நமீபியா என்ன பண்ணும்? பராமரிச்சது நாம.

நொச்சி: 1954ல எட்டோஷாவுல காலங்காலமா இருந்த ஹய்யோம் ஜனங்களை வெளியேத்தினாங்க, அப்ப அங்க தென்னாப்பிரிக்க ஆட்சி. காப்புன்னா யாருக்குன்னு அங்கிருந்து தொடங்கணும்.

பாலைப்பூனை: நான் போனது படம் எடுக்க, வழக்கு நடத்த இல்ல. எட்டோஷாவுல ஓக்காகுவேயோ நீர்நிலையில ராத்திரி வெளிச்சத்துல காண்டாமிருகம் தண்ணி குடிக்கிறதைப் பார்த்திருந்தா இப்படிப் பேசமாட்டீங்க.

கரிசல்காரன்: பயண ஏஜென்ட் விளம்பரத்துல கூட இதே படம்தான். டிக்கெட் ஓசியா?

பாலைப்பூனை: சொந்தக் காசு. ரசீது வேணுமா?

கரிசல்காரன்: போடுங்க பார்ப்போம். கூடவே "யாரும் தொடமாட்டாங்க"ன்னு எழுதினதையும் அழிங்க. 83 யானை.

பாலைப்பூனை: அழிக்க முடியாது. 157.