அம்மா அப்பாவின் படத்தோடு பேசுகிறார். இது ‘அப்நார்மலா’?

சுபா, திண்டுக்கல்:
அப்பா தவறி வருகிற தையோடு வருஷம் திரும்புகிறது. அம்மா தினமும் காலையில் முதல் டம்ளர் காபியை அப்பா படத்துக்கு முன்னால் வைத்து, “கரண்ட் பில் கட்டியாச்சு, வாசல் பைப் இன்னும் ஒழுகுது” என்று ஒப்பிக்கிறார். ஆறினதும் அவரே குடித்துவிடுவார். சமையல், சீட்டுப் பணம், கோயில் எல்லாம் பழையபடிதான். பெங்களூரில் இருக்கும் தம்பி, “இது அப்நார்மல், டாக்டரிடம் காட்டு” என்று சண்டை போடுகிறான். எதை வைத்து அப்படி முடிவு செய்கிறார்கள்?

ராஜ்:
சிம்பிள். பெரும்பாலானோர் செய்யாததைச் செய்தால் அப்நார்மல்.

பார்வதி (ஓய்வுபெற்ற உளவியல் ஆலோசகர்):
அப்படிப் பார்த்தால் ராஜ் தம்பி, ஐ.க்யூ. 70க்குக் கீழே இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். 130க்கு மேலே இருப்பவர்களும் அதே அளவுதான். 130க்கு மேலே இருப்பவர்களை யாராவது டாக்டரிடம் கூட்டிப் போகிறார்களா? ஊர் வழக்கத்தை அளவுகோலாக்கினாலும் வம்புதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 வரை தன்பாலீர்ப்பையே நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. நம் 2017 மனநலச் சட்டம், ஊர் ஒழுக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது.

சுபா, நாங்கள் பார்ப்பது நாலு: வழக்கத்திலிருந்து விலகல், வேதனை, அன்றாட வேலை கெடுவது, ஆபத்து. எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. மேனியா என்கிற அளவுமீறிய உற்சாக நோய் ஏறின ஆள் படு சந்தோஷமாக இருப்பார். ராத்திரி தூங்காமல், கடன் வாங்கி கார் புக் பண்ணுவார். வேதனை அவருக்கு இல்லை, வீட்டுக்குத்தான்!

உங்கள் அம்மா விஷயத்தில் நான் காபியைப் பார்க்க மாட்டேன். சீட்டுப் பணம் தவறாமல் கட்டுகிறாரே, அதைத்தான் பார்ப்பேன். நெருங்கியவர் சாவுக்கு அந்தந்தச் சமூகம் ஏற்கும் விதத்தில் துக்கப்படுவது நோயல்ல என்று அந்த அமெரிக்கச் சங்கம் வெளியிடும் டி.எஸ்.எம். என்ற மனநோய்க் கையேடே சொல்கிறது. 2022 திருத்தத்தில் ‘நீடித்த துக்கம்’ என்று ஒரு நோயைச் சேர்த்தார்கள். அதற்குப் பெரியவர்களுக்கு 12 மாதமாவது கடந்திருக்க வேண்டும். அதோடு ஏக்கம் அனேகமாக தினமும் ஆளை முடக்கிப் போட்டிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ ஆறு மாதம் போதும் என்கிறது. கமிட்டி போட்ட கோடு, அவ்வளவுதான்.

சுபா:
மேடம், ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சில நாள் அப்பா பதில் சொல்வது காதில் விழுகிறது என்கிறார்.

பார்வதி:
துணையை இழந்தவர்கள் பலருக்கு அப்படிக் கேட்பதுண்டு. அதற்காகவே பதற வேண்டாம். என்ன சொல்கிறார் என்று சாதாரணமாக விசாரியுங்கள். ‘பிளம்பரைக் கூப்பிடு’ என்றால் விட்டுவிடலாம். ‘நீயும் வந்துடு’ என்பது மாதிரி ஏதாவது வந்தாலோ, சாப்பாடும் தூக்கமும் குறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ராத்திரியானால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.